அரை அங்குலம்

கதவு சாத்திக்கொண்டது. சாத்திய பிறகும் குளியலறைக்குள் இருந்த வாளி தெரிந்தது.

தமிழ்மணி தாழ்ப்பாளைத் தள்ளினான். அது சுவரைத் தொடாமல் காற்றில் நின்றது. இன்னும் தள்ளினான். தள்ளுவதற்கு மேலே தாழ்ப்பாள் இல்லை.

பின்னால் சிமென்ட் கலந்துகொண்டிருந்த கொத்தனார் நடராசன் எட்டிப் பார்த்தான்.

"இன்னா மாமா, சந்து வுட்டுக்கீறீங்க? காத்து வர்றதுக்கா?"

"கணக்கு தப்பிடுச்சு."

"கதவு மேல தப்பா, சுவர் மேல தப்பா?"

"என் மேல."

வாசல் முப்பது அங்குலம். அங்குலத்துக்கு இருபத்தைந்து மில்லி என்று பெருக்கியிருந்தான். இருபத்தைந்து புள்ளி நான்கு என்று பெருக்கியிருக்க வேண்டும். புள்ளி நான்கு ஒரு தூசு. முப்பது தூசு சேர்ந்து அரை அங்குலச் சந்தாக எதிரே நின்றது.

"அரை அங்குலம்தானே மாமா? அந்தப் பக்கம் சுவரை ஏத்திப் பூசிடட்டா? ஒரு சட்டி கலவை போதும்."

தமிழ்மணி திரும்பினான். அவன் பார்வையில் நடராசன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டான்.

"சுவரைத் தொடாத. தப்பு கதவுல. கதவுலதான் சரி பண்ணுவேன். வெல்டரு வூட்டுக் கதவைச் சிமென்ட்டு வெச்சு அடைச்சாங்கன்னு ஊருல பேசணுமா?"

"நீங்க சொன்னா சரி மாமா."

திண்டிவனத்தில் பாதித் தெருக்களுக்கு கேட்டும் ஜன்னல் கம்பியும் அடித்தவன் தமிழ்மணி. செஞ்சி ரோட்டில் ஒர்க்‌ஷாப். அவன் வீட்டுக் குளியலறைக்கு மட்டும் கதவு இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு பேனரைத் தொங்கவிட்டான். அடுத்த வாரம் கதவு என்றான். அந்த வாரம் இன்னும் வரவில்லை. பேனர்கள்தான் மாறிக்கொண்டிருந்தன. விழாப் பேனர்களுக்குச் சட்டம் அடிப்பவன் என்பதால் பழைய பேனர்களுக்குக் குறைவில்லை. கடைசியாகத் தொங்கியது யாரோ ஒருவர் வீட்டுக் காதணி விழாப் பேனர். நாற்பது பேர் கைகூப்பி நின்றார்கள். மேலே பெரிய எழுத்தில் 'வருக வருக' என்றிருந்தது.

அவன் மனைவி பானுப்ரியா அந்த நாற்பது பேருக்கு எதிரே குளித்துவந்தாள். ஒருநாள் அவளுடைய தம்பிக்குப் பெண் கொடுத்த வீட்டம்மா வந்திருந்தார். அவர் உள்ளே இருக்கும்போது காற்றடித்தது. நாற்பது பேரும் மேலே பறந்தார்கள்.

அன்றைக்கே பானு பையை எடுத்துக்கொண்டு விழுப்புரத்துக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவன் பயந்திருக்க மாட்டான்.

"கதவு மாட்டிட்டு போன் பண்ணுங்க. வர்றேன்" என்றாள். அவ்வளவுதான்.

நடராசனை அனுப்பியதும் அவள்தான். அவளுக்குத் தம்பி முறை. கதவு வருகிற நேரத்தில் டைல்ஸும் ஒட்டிவிடட்டும் என்றாள். அவன் தினமும் விழுப்புரத்திலிருந்து பாசஞ்சரில் வருவான். தமிழ்மணி கடைக்குப் போய்விடுவான் என்பதால் வீட்டுச் சாவி ஒன்று நடராசனிடம் இருந்தது.

தமிழ்மணி போன் செய்தான்.

"மாட்டியாச்சா?" என்றாள் பானு.

"மாட்டினேன். சந்து வருது."

"எவ்ளோ?"

"பன்னெண்டு மில்லி."

"எனக்கு மில்லியெல்லாம் தெரியாதுங்க. அங்குலத்துல சொல்லுங்க."

"அரை."

அந்தப் பக்கம் டிவி ஓடிக்கொண்டிருந்தது. யாரோ டம்ளரை அவள் பக்கத்தில் வைக்கும் சத்தம் கேட்டது.

"நடராசன் சுவரைப் பூசட்டுமான்னான். வேணாம்னுட்டேன்."

"நல்லது பண்ணீங்க. நீங்களே பாத்து பண்ணுங்க. அவசரம் இல்ல."

பானு அவனிடம் அவசரம் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. தமிழ்மணி போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்திருந்தான்.

மில்லி அவன் வாழ்க்கையில் வந்தது சமீபத்தில்தான். அதுவரை அடி, அங்குலம், நூல். அங்குலத்துக்கு எட்டு நூல். அதற்குக் கீழே உலகம் இல்லை. பிறகு ஒரு கம்பெனிக்கு ஸ்டாண்டு அடித்துக் கொடுத்தான். படம் மில்லியில் இருந்தது. அவன் அதை மனத்துக்குள் அங்குலமாக மாற்றி அடித்தான். போன லாரி அப்படியே திரும்பி வந்தது. அன்றைக்கு ஒரு சபதம் எடுத்தான். இனி கடையில் மில்லிதான். அங்குலம் என்று யார் வாயைத் திறந்தாலும் வெளியே அனுப்பிவிடுவான். வாடிக்கையாளர் இரண்டு பேரை அனுப்பியும் விட்டான்.

கடைக்குப் பக்கத்தில் டீ போடும் இருதயமேரி அப்போதே சொன்னாள்.

"நாக்கு ஒண்ணு பேசி, கை ஒண்ணு பேசினா வேலை ஓடாது மணி."

"பழகிடும் மேரிக்கா."

"எனக்கு ஒரு பெஞ்சு கேட்டேனே, அது மில்லியில எப்ப வரும்?"

கதவைக் கடைக்குத் திரும்பக் கொண்டுவந்தான். ஓரத்தில் பன்னிரண்டு மில்லிக்கு ஒரு இரும்புப் பட்டியை ஒட்டி வெல்டு வைத்தான். தேய்த்தான். பெயின்ட் அடித்தான். ஒட்டுப் போட்ட இடம் தெரியவில்லை. மதியச் சாப்பாட்டை மறந்து இரண்டு பன்னைத் தின்றான்.

"பொண்டாட்டி எப்ப வருது?" என்றாள் இருதயமேரி.

"இது மாட்டினதும்."

"பன்னு தின்னே மூஞ்சி பன்னு மாதிரி ஆயிடுச்சு. சீக்கிரம் மாட்டு."

மறுநாள் மாலை கதவை வீட்டுக்குக் கொண்டுபோனான். நடராசனும் அவனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். ஒரு பக்கச் சுவரில் பதித்திருந்த கொக்கியில் கதவை மாட்டினார்கள். சாத்தினார்கள்.

கதவு மூடவில்லை. எதிர்ச் சுவரில் இடித்து நின்றது.

தமிழ்மணி தோளால் தள்ளினான். சுவர்தான் உதிர்ந்தது.

டேப்பை எடுத்து வாசலை அளந்தான். எழுநூற்றைம்பது மில்லி. மறுபடி அளந்தான். எழுநூற்றைம்பது. முதல் தடவை அவன் தப்பாகப் பெருக்கி வந்த அதே எழுநூற்றைம்பது. தப்பு சரியாகிவிட்டது. அதைத் திருத்தியதுதான் இப்போது தப்பு.

"முப்பது அங்குலம்னு எடுத்தேனே?"

"எந்த டேப்புல மாமா?"

"பழைய அங்குல டேப்புல."

"அதோட முனையில கீற நாக்கு ஆடுது மாமா. நானே பாத்துக்கீறேன்."

"ஆடினா ஒரு நூலு ஆடும். நாலு நூலு ஆடுமா?"

"இந்த மில்லிமீட்டர்தான் பேஜாரு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகாது மாமா. அக்கா தங்கச்சியைக் கட்டின சகலைங்க மாதிரி."

குளியலறை முழுக்க ஈரச் சிமென்ட் வாசனை. தரையில் மணல், சுவரில் பூச்சு, மூலையில் டைல்ஸ் கட்டு. தமிழ்மணிக்கு இரும்பில் மயிரிழை கோணல் இருந்தாலும் கண் உறுத்தும். சிமென்ட்டைப் பார்த்தால் அது சிமென்ட் என்பதற்கு மேல் எதுவும் தெரியாது. பழைய டேப்பைக் கடையிலிருந்த ஓட்டை இரும்புக் குவியலில் எறிந்தான். புதிய டேப் வாங்கினான். ஒட்டிய பட்டியை அறுத்தான். தேய்த்தான். பெயின்ட் அடித்தான்.

போன் செய்தான்.

"அரை அங்குலம் பெருசா போச்சு. அறுத்துட்டேன். நாளைக்கு மாட்டிடறேன்."

"அறுத்துட்டீங்களா?"

"ஆமா. பழைய சைஸுக்கே வந்துடுச்சு."

"ஓ" என்றாள். பிறகு, "பாத்து பண்ணுங்க. உடம்பைக் கெடுத்துக்காதீங்க" என்றாள்.

மறுநாள் கதவு அழகாகச் சாத்திக்கொண்டது. உள்ளே இருந்த வாளி தெரிந்தது.

தமிழ்மணி புதிய டேப்பை இழுத்தான். எழுநூற்று அறுபத்திரண்டு. முப்பது அங்குலம். முதல் நாள் அளவு. குவியலில் கிடக்கிற பழைய டேப் சொன்ன அளவு. கவிழ்ந்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தான்.

"மாமா, டீ சொல்லட்டா?" என்றான் நடராசன்.

"நேத்து நீ பாத்தே இல்ல? இடிச்சுது இல்ல?"

"இடிச்சுது மாமா."

"இன்னைக்கு?"

"இடிக்கல மாமா."

"அப்ப இன்னா அர்த்தம்?"

நடராசன் கையிலிருந்த உளியைப் பின்பக்கம் மாற்றிக்கொண்டு யோசித்தான்.

"எனக்குப் படிப்பு கம்மி மாமா" என்றான்.

தமிழ்மணி மறுபடி பட்டி ஒட்டப் போகவில்லை. கடைக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்தான். ஒரு வீட்டுக்காரர் மாடிப்படிக்குக் கைப்பிடி கேட்டு வந்தார். எத்தனை அடி என்று சொன்னார். தமிழ்மணி அவரை வெளியே அனுப்பவில்லை. அடி என்றால் என்ன என்பதுபோல் பார்த்தான். அவர் தானாகவே போய்விட்டார்.

"சொந்த வேலைன்னா கை நடுங்கும்" என்றாள் இருதயமேரி. "டாக்டரு கூட தன் பொண்டாட்டிக்கு ஊசி போட மாட்டாரு. வெளியாளுகிட்ட குடு."

"வெல்டரு வெளியில கதவு வாங்கறதா?"

"வாங்கு. இல்லாட்டி பன்னே தின்னு."

விழுப்புரத்துக்கு பஸ் ஏறினான். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜினேஷின் ஃபைபர் கதவுக் கடை. மெஷினில் வைத்து அறுப்பான். தமிழ்மணி போனபோது ஜினேஷ் கல்லாவைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

"எங்க ஜைன வூட்டுல பொழுது சாயறதுக்குள்ள சாப்பிட்டுடணும்ணே. வூட்டுல இலை போட்டுட்டு வெளக்கையும் வானத்தையும் மாத்தி மாத்திப் பாத்துக்கினு இருப்பாங்க. ஜல்தியா சைஸு சொல்லுங்க."

"எழுநூத்தி ஐம்பத்திரெண்டு மில்லி."

"வாசல் சைஸா, கதவு சைஸா?"

"கதவு சைஸு. வாசல்ல பத்து மில்லி கழிச்சுட்டேன்."

"நீங்க கழிச்சீங்க, நான் கழிக்கல. சரியா? அப்பறம் ரெண்டு பேரும் கழிச்சுட்டோம்னு வந்து நிக்கக் கூடாது."

"ஜினேஷு, நீ கழிக்காத. யாரும் எதையும் கழிக்காதீங்க."

ஜினேஷ் ஒரு நிமிடம் அவன் முகத்தைப் பார்த்தான். சாப்பாட்டைக்கூட மறந்துவிட்டான்.

"அண்ணே, வூட்டுல எல்லாம் நல்லா கீறாங்களா?"

அங்கிருந்து மாமியார் வீட்டுக்கு நடக்கிற தூரம்தான். பானு கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். உள்ளங்கையில் மருதாணி சிவந்திருந்தது. கன்னம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது. அவள் அம்மா லட்சுமியம்மாள் தோசையைச் சுடச் சுடக் கொண்டுவந்து அவள் தட்டில் போட்டுவிட்டு, பிறகுதான் அவனைப் பார்த்தாள்.

"வாங்க மாப்ளே. உக்காருங்க. புள்ள இங்க வந்தப்பறம்தான் தூங்கவே செய்யுது. விடிஞ்சு வெயில் வர்ற வரைக்கும் எழுந்திருக்கறதில்ல."

"கதவு எந்த சைஸு குடுத்தீங்க?" என்றாள் பானு.

அவன் சொன்னான். அங்குலத்தில் எவ்வளவு என்று கேட்டாள். அதையும் சொன்னான். உதட்டை அசைத்து அதை ஒரு தடவை தனக்குள் சொல்லிக்கொண்டாள். தன் வேலையில் இவளுக்கு இவ்வளவு அக்கறை இருந்திருக்கிறது, இத்தனை வருடம் கவனிக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டான்.

கை கழுவுகிற சாக்கில் அந்த வீட்டுக் குளியலறைக்குள் போனான். அந்தக் கதவு அவன் அடித்தது. அப்போது பானு யார் என்றே அவனுக்குத் தெரியாது. வேலைக்கு வந்தவன். கதவு மாட்டிய அன்று மாமனார் அதைத் திறந்து சாத்தி, திறந்து சாத்தி, பிறகு அவன் ஊர் பெயரும் அப்பா பெயரும் விசாரித்தார். தமிழ்மணி இப்போது சாத்திப் பார்த்தான். டக் என்று உட்கார்ந்தது. சுற்றிலும் ஒரே சீரான ஒரு நூல் இடைவெளி. இரண்டு அடி ஆறு அங்குலம். ஒரு தடவை அளந்து, ஒரு தடவை அறுத்தது.

தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

"மாப்ளே, உள்ள தண்ணி வருதா?" என்று மாமியார் குரல் கொடுத்தாள்.

ஃபைபர் கதவு வேன் மேலே ஏறித் திண்டிவனம் வந்தது. வாசலில் வைத்தார்கள். இடித்தது. தமிழ்மணிக்குக் கோபம்கூட வரவில்லை. அளந்தான். எழுநூற்றைம்பது. ஜினேஷுக்கு போன் செய்தான்.

"எங்க மெஷினு தப்பாதுண்ணே. மயிரிழை தப்பாது. நீங்க சுவரைக் கேளுங்க."

"சுவரு பேசாது ஜினேஷு."

"அப்ப நான் ஒண்ணும் பண்றதுக்கில்லண்ணே."

ஃபைபர் கதவைக் கடைக்குக் கொண்டுபோனான். இருதயமேரி அதை வெயிலுக்கு மறைப்பாக டீக்கடையின் மேலே போட்டுக்கொண்டாள். பெஞ்சு கேட்டவளுக்குக் கூரை வந்தது.

அன்றைக்குத் தமிழ்மணி மில்லியைத் துறந்தான். அங்குலத்தையும் துறந்தான். மறுநாள் காலையில் எட்டு நூல் கனமுள்ள கம்பி ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். அதை வாசலின் குறுக்கே வைத்துச் சுண்ணாம்பால் கோடு போட்டான். கோட்டில் அறுத்தான். கம்பி சுவருக்குச் சுவர் சரியாக நின்றது. தட்டினால் மட்டும் கீழே விழுந்தது. எண் இல்லை. கணக்கு இல்லை. பெருக்கல் இல்லை. கம்பி எவ்வளவோ அவ்வளவு வாசல்.

பானுவிடம் சொன்னான். தன் குரலில் இத்தனை நாளாக இல்லாத தெம்பு அவனுக்கே கேட்டது.

"டேப்பே தொடல. கம்பி அளவு எடுத்துட்டேன்."

"கம்பியா? அங்குலத்துல அது எவ்ளோங்க?"

"தெரியாது. தெரியவும் வேணாம்."

அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைத்தாள்.

"அந்தக் கம்பி இப்ப எங்க கீது?"

"எங்கூடதான். கடையில."

"ஓ" என்றாள் பானு.

கம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கதவு அடித்தான். கம்பியைவிடக் கொஞ்சம் குறைத்து, திறந்து மூட இடம் விட்டு. மாலையில் கொண்டுபோனான். நடராசன் ஒரு பக்கம் பிடித்தான். மாட்டினார்கள். சாத்தினார்கள்.

இடித்தது.

தமிழ்மணி கதவைக் கொக்கியிலிருந்து கழற்றினான். கம்பியை எடுத்தான். வாசலின் குறுக்கே வைத்தான். கம்பி நுழையவில்லை. சாய்வாக நின்றது. காலையில் அதே இடத்தில் நேராக நின்ற கம்பி.

"மாமா" என்றான் நடராசன் மெதுவாக. "இரும்பு வெயில்ல வீங்கும்னு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க."

"அரை அங்குலமா?"

"கத்திரி வெயில் மாமா."

தமிழ்மணி நிமிர்ந்து அவனைப் பார்த்தான். இரும்போடு பிறந்து வளர்ந்தவன் அவன். இரும்பு எவ்வளவு வீங்கும் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்தும் தண்ணீர்த் தொட்டியில் கம்பியைப் போட்டான். அது குளிர்கிற வரைக்கும் பக்கத்திலேயே குந்தியிருந்தான். எடுத்தான். ஈரத்தோடு வாசலில் வைத்தான்.

நுழையவில்லை.

ஈரக் கம்பியைக் கையில் பிடித்தபடி டீக்கடைக்கு நடந்தே வந்தான்.

"மேரிக்கா, வூடு என்னை வெளிய தள்ளுது."

இருதயமேரி கம்பியைப் பார்த்தாள். அவன் சட்டையில் சொட்டியிருந்த தண்ணீரைப் பார்த்தாள்.

"இத எதுக்குக் குளிப்பாட்டிக்கினு வந்திருக்கே?"

அவன் சொன்னான். அவள் சிரிக்கவில்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. டீயில் சர்க்கரை அதிகமாகப் போட்டு நீட்டினாள்.

"மணி, நீ அளக்கிறது ஓரிடம். அறுக்கிறது ஓரிடம். நடுவுல ரோடு, வெயிலு, கண்டவன் கண்ணு. மெஷினைத் தூக்கிக்கினு வூட்டுக்கே போ. அங்கியே அள, அங்கியே அறு, அங்கியே மாட்டு. மாட்டாம எழுந்திருக்காத."

அடுத்த நாள் அமாவாசை. நடராசன் மேல்மலையனூர் கோயிலுக்குப் போவதாகச் சொல்லியிருந்தான். ஆள் உதவிக்கு இல்லை என்றாலும் பரவாயில்லை என்று தமிழ்மணி ஒரு ஆட்டோவில் வெல்டிங் மெஷினையும் கட்டரையும் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தான். டூ வீலரைக் கடையிலேயே விட்டுவிட்டான்.

குளியலறை வாசலிலேயே உட்கார்ந்தான். அளந்தான். எழுநூற்று முப்பத்தேழு. ஏன் முப்பத்தேழு என்று அவன் கேட்கவில்லை. கேட்கிற தெம்பு போய்விட்டது. கம்பிக் கதவைப் பிரித்து, குறைத்து, சதுரம் பார்த்து, அங்கேயே பற்றவைத்தான். தீப்பொறி நாற்பது பேர் மேலும் தெறித்தது. 'வருக வருக'வில் ஓட்டை விழுந்தது. நடுநடுவே எழுந்து வாசலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். கன்றுக்குட்டி ஓடிவிடுமோ என்று கயிற்றைத் தொட்டுப் பார்க்கிறவன்போல.

மாட்டினான். கண்ணை மூடிக்கொண்டு சாத்தினான்.

டக்.

கண்ணைத் திறந்தான். வாளி தெரியவில்லை. சுற்றிலும் ஒரே சீரான ஒரு நூல் இடைவெளி. தாழ்ப்பாள் துளையில் போய் உட்கார்ந்தது. திறந்தான். சாத்தினான். திறந்தான். சாத்தினான். பிறகு தரையில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதான்.

"பானு. மாட்டியாச்சு."

"மாட்டியாச்சா?"

"தாழ்ப்பாளும் விழுது. சந்து இல்ல. இடிக்கல."

"நடராசன் இல்லையா?"

"அவன் மலையனூர் போயிட்டான்."

"ஆமா இல்ல" என்றாள் பானு. "இன்னைக்கு அமாவாசை."

டிவியை யாரோ நிறுத்தினார்கள்.

"நாளைக்கு வர்றியா?"

"வர்றேங்க" என்றாள். கொஞ்சம் கழித்து, "வராம எங்க போறேன்" என்றாள்.

அந்தக் குரல் அவனுக்குச் சரியாகப் பிடிபடவில்லை. சந்தோஷத்தில் தழுதழுக்கிறாள் என்று எடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலையில் கடைக்குப் போகவில்லை. பேனரைக் கழற்றி நான்காக மடித்து ஓரமாக வைத்தான். துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனான். கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் போட்டான். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் அவன் அப்படித் தனியாக இருந்ததே இல்லை. குளிக்கக்கூடத் தோன்றவில்லை. கவிழ்ந்த வாளியில் உட்கார்ந்தான். கதவைப் பார்த்தான். அவள் வருவாள். இதைத் திறப்பாள். சாத்துவாள். அவள் அப்பா செய்ததுபோல் மறுபடி திறந்து சாத்துவாள்.

வெளிக்கதவின் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. நடராசன் வந்துவிட்டான். மலையனூரிலிருந்து நேராக வந்திருப்பான் போலும், இருமிக்கொண்டே வந்தான். வாசலில் வண்டி இல்லாததைப் பார்த்து மாமா கடைக்குப் போய்விட்டார் என்று நினைத்திருப்பான். கலவைச் சட்டியைத் தரையில் வைத்தான். கரண்டியை எடுத்தான். குளியலறைப் பக்கம் நாலு எட்டு வைத்தான். சட்டென்று நின்றான்.

கதவு எப்படி இருக்கிறது என்று அவன் வாயால் கேட்க வேண்டும் என்று தமிழ்மணிக்கு ஆசையாக இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

நடராசன் கதவைக் கேட்கவில்லை. போன் போட்டான்.

"அக்கா, நீ பூசச் சொன்னப்பல்லாம் அரை அங்குலம் பூசினேன், கொத்தச் சொன்னப்பல்லாம் கொத்தினேன், ஆனா இந்த மனுஷன் நான் இல்லாத நேரம் பாத்து கதவையே மாட்டிட்டாரு, நீ இன்னும் கொஞ்ச நாளு அம்மா வூட்டுல இருக்கணும்னா, இன்மே நான் எங்கக்கா பூசுறது?"